கெகல் செயலிகள் எதை எண்ணுகின்றன?

புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை முழுசாக எடுத்துவிட்ட ஒருவர் வீட்டுக்கு வரும்போது அவரோடு இரண்டு விஷயங்கள் வருகின்றன. ஒன்று, கதீட்டர். இன்னொன்று, "கெகல் எக்சர்சைஸ் பண்ணுங்க, சரியாயிடும்" என்கிற ஒற்றை வரி. கதீட்டரை ஒன்றிரண்டு வாரத்தில் எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் கசிவு தெரிய ஆரம்பிக்கும். இருமினால் கசியும், குனிந்து வாளியைத் தூக்கினால் கசியும், சாயங்காலம் ஆக ஆக இன்னும் கசியும். அந்த ஒற்றை வரியை எப்படிச் செய்வது என்று கேட்க ஆள் இருக்காது. கேட்கக் கூச்சமாகவும் இருக்கும்.

இந்த இடைவெளியில்தான் தொலைவழிப் பயிற்சி என்கிற சமாசாரம் வளர்ந்திருக்கிறது. போன் செயலி, வீடியோ அழைப்பு, தினமும் மூன்று வேளை நினைவூட்டும் குறுஞ்செய்தி. இவற்றைப் பற்றிய ஆய்வுகளைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் மருத்துவன் அல்ல, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் "இந்தச் செயலி எதை அளக்கிறது, எதை அளந்ததாகச் சொல்லிக்கொள்கிறது?" என்கிற கேள்வி என் தொழிலுக்கு உட்பட்டதுதான். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

(முதலில் ஒரு தெளிவு. நம் ஊரில் "புராஸ்டேட் ஆபரேஷன்" என்றால் பெரும்பாலும் வீங்கிய சுரப்பியின் உட்பகுதியைச் சிறுநீர்க் குழாய் வழியாகச் சுரண்டி எடுப்பதைத்தான் சொல்வார்கள். இங்கே நான் பேசுவது அதைப் பற்றி அல்ல. புற்றுநோய்க்காகச் சுரப்பியை மொத்தமாக நீக்கும் அறுவை பற்றி.)

எது போகிறது, எது மிச்சமிருக்கிறது

ஆணின் சிறுநீர்ப் பாதையில் இரண்டு பூட்டுகள். மேல் பூட்டு சிறுநீர்ப்பையின் கழுத்தில் இருக்கிறது. அது தானியங்கி, நம் சொல் கேட்காது. கீழ்ப் பூட்டு புராஸ்டேட்டுக்குச் சற்றுக் கீழே குழாயைச் சுற்றியிருக்கும் சுருக்குத் தசை. இது நாம் சொன்னால் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் புராஸ்டேட். அதை எடுத்துவிட்டுக் குழாயை மறுபடி சிறுநீர்ப்பையோடு தைக்கும்போது மேல் பூட்டு பெரும்பாலும் போய்விடுகிறது. அதுவரை இருவர் பார்த்த வேலையைக் கீழ்ப் பூட்டு தனியாகப் பார்க்க வேண்டும்.

அதற்கு உதவி செய்யப் பக்கத்திலேயே வேறு தசைகள் இருக்கின்றன. பின்னாலிருந்து முன்னோக்கி இழுக்கும் இடுப்புத் தளத் தசை ஒன்று, ஆண்குறியின் அடிப்பகுதியைச் சுற்றிய தசை ஒன்று. மலவாய்ச் சுருக்குத் தசையும் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் சிறுநீரை நிறுத்துவதில் அதற்குப் பெரிய பங்கில்லை. இத்தனை தசைகளும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள். "கீழே இறுக்குங்க" என்றால் எதை இறுக்குவது? பிரச்சினையே இங்கேதான் ஆரம்பம்.

கெகலிடமிருந்து எதைக் கழற்றினார்கள்

ஆர்னால்ட் கெகல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர். 1948-ல் அவர் வெளியிட்ட கட்டுரை பிரசவத்துக்குப் பிறகு தசை தளர்ந்த பெண்களைப் பற்றியது. இன்று "கெகல்" என்றால் சும்மா இறுக்கி விடுவது என்று ஆகிவிட்டது. அவர் சொன்னது அது இல்லை. பெரினியோமீட்டர் என்று அழுத்தம் காட்டும் ஒரு கருவியை வைத்துத்தான் அவர் பயிற்சி கொடுத்தார். இறுக்கினால் முள் நகரும். முள் நகர்ந்தால் சரியான தசை, நகரவில்லை என்றால் வேறு எதையோ இறுக்குகிறீர்கள் என்று அர்த்தம். உடம்பு கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டது.

எங்கள் பாஷையில் சொன்னால் அது மூடிய வளையம். கட்டளை போகிறது, விளைவு திரும்பி வருகிறது, அதைப் பார்த்து அடுத்த கட்டளை திருத்தப்படுகிறது. இன்றைய பெரும்பாலான செயலிகள் அந்த முள்ளைக் கழற்றிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டன. திரையில் ஒரு வட்டம் விரிகிறது, "இறுக்குங்கள்... தளர்த்துங்கள்" என்கிறது, முடிந்ததும் ஒரு பச்சை டிக். தொடர்ந்து 21 நாள் செய்தீர்கள் என்று பாராட்டும் உண்டு. அது எண்ணுவது தசைச் சுருக்கத்தை அல்ல, பட்டன் அழுத்தத்தை. சர்வர் எழுந்ததா என்று பார்க்காமல் "ரீஸ்டார்ட் செய்தேன்" என்று மட்டும் லாகில் எழுதிக்கொண்டே போகிற நிரலை என் டீமில் யாராவது எழுதினால், அதை மேலே போக விடமாட்டேன்.

முள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய எச்சரிக்கை உண்டு. 1991-ல் ரிச்சர்ட் பம்ப் என்பவரும் சகாக்களும் 47 பெண்களுக்கு வாய்மொழியாகச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவர்கள் செய்வதை அளந்து பார்த்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேர்தான், 49 சதவீதம், சரியாகச் செய்தார்கள். 25 சதவீதம் பேர் செய்தது கசிவை அதிகப்படுத்தக்கூடிய முறை. இறுக்குவதற்குப் பதில் கீழ்நோக்கி முக்கினார்கள். இது பெண்களிடம் எடுத்த அளவு, ஆண்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் வெறும் வார்த்தையை நம்பினால் எவ்வளவு தூரம் வழி தவறலாம் என்பது இதில் தெரிகிறது. தவறான முறையில் 21 நாள் செய்தவருக்கும் அதே பச்சை டிக்தான் விழும்.

"நேரில் போவதற்குச் சமம்" என்கிற வாதம்

தொலைவழிப் பயிற்சிக்கு ஆதரவாக அடிக்கடி வரும் வாக்கியம் இது: "நேரடிப் பயிற்சியோடு ஒப்பிட்டோம், முடிவில் வித்தியாசம் இல்லை." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எதற்குச் சமம்?

பிரிட்டனில் நடந்த மேப்ஸ் சோதனையைப் பார்ப்போம். 2011-ல் லான்செட் இதழில் வந்தது. அறுவைக்கு 6 வாரம் கழித்தும் கசிவு இருந்த ஆண்களை இரண்டு குழுவாகக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மூன்று மாதத்தில் நான்கு முறை நிபுணரோடு நேரடிப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பும் வாழ்க்கைமுறை பற்றிய துண்டறிக்கையும் மட்டும். 12 மாதம் கழித்து, சுரப்பியை முழுதாக எடுத்தவர்களில் பயிற்சிக் குழுவில் 76 சதவீதம் பேருக்கும் மற்ற குழுவில் 77 சதவீதம் பேருக்கும் ஏதோ ஒரு அளவில் கசிவு இருந்தது. துளி கசிந்தாலும் கசிவு என்கிற கறாரான வரையறை அது, அதனால்தான் எண் இவ்வளவு பெரிதாக இருக்கிறது. முக்கியம் என்னவென்றால், இரண்டு எண்ணும் ஒன்றேதான்.

இப்போது கனடாவில் கேத்ரின் மூர் குழுவினர் 2008-ல் வெளியிட்ட சோதனைக்கு வருவோம். 205 ஆண்கள். ஒரு பாதிக்கு வாராவாரம் நிபுணரிடம் நேரடிப் பயிற்சி. மறு பாதிக்கு வாய்மொழி விளக்கம், எழுத்துக் குறிப்பு, கூடவே வாராவாரம் ஒரு போன். யோசித்துப் பார்த்தால் இந்த இரண்டாவது குழுதான் தொலைவழிப் பயிற்சி, ஸ்மார்ட்போன் வருவதற்கு முந்தைய வடிவம். முடிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இதை வைத்து "போன் போதும், நேரில் போக வேண்டாம்" என்று சொல்லலாம். "இரண்டுமே ஒன்றும் செய்யவில்லை, காலம்தான் குணப்படுத்தியது" என்றும் சொல்லலாம். ஒன்றுமே செய்யாத மூன்றாவது குழு இல்லாதவரை எது உண்மை என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. ஏனென்றால் அறுவைக்குப் பிந்தைய கசிவு பெரும்பாலானவர்களுக்கு முதல் ஒரு வருடத்தில் தானாகவே குறைந்துகொண்டு வரும். செயலியைத் தரவிறக்குகிறவர் எப்போது இறக்குகிறார்? கதீட்டரை எடுத்த முதல் வாரத்தில், நிலைமை படுமோசமாக இருக்கும்போது. அங்கிருந்து வரைபடம் இறங்கத்தான் செய்யும். மூன்றாம் நாள் தானாக இறங்கப்போகிற காய்ச்சலுக்கு இரண்டாம் நாள் மந்திரித்தவருக்குப் பேர் கிடைக்கிற கதைதான். "எங்கள் பயனர்களில் இத்தனை பேருக்குக் குறைந்தது" என்கிற விளம்பர எண்ணை நான் மதிக்காததற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் பயிற்சியே வீணா?

இல்லை. அவசரப்பட்டு அந்த முடிவுக்கும் போக வேண்டாம். இரண்டு சோதனைகள் வேறு மாதிரி பேசுகின்றன.

ஒன்று, பெல்ஜியத்தின் லூவெனில் மரைக்கே வான் காம்பென் குழு 2000-ல் வெளியிட்டது. 102 ஆண்கள். கதீட்டர் எடுத்த உடனேயே தனித்தனியாகப் பயிற்சி தொடங்கினார்கள். மூன்று மாதத்தில் பயிற்சிக் குழுவில் 88 சதவீதம் பேருக்குக் கட்டுப்பாடு திரும்பியிருந்தது, மற்ற குழுவில் 56 சதவீதம். ஒரு வருடம் ஆனபோது இடைவெளி 14 புள்ளியாகச் சுருங்கியது. மற்றவர்களும் மெதுவாக வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். அதாவது பயிற்சியின் முக்கியமான லாபம் வேகம். அதை லேசாக எடைபோடாதீர்கள். பேட் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவருக்கு அந்தச் சில மாதம் பெரிய விஷயம்.

இன்னொன்று, அமெரிக்காவில் பாட்ரீஷியா கூட் குழு 2011-ல் ஜாமா இதழில் வெளியிட்டது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை வடிவம் இது. அறுவை முடிந்து ஒரு வருடம் முதல் 17 வருடம் வரை ஆகியும் கசிவு நிற்காத 208 பேரை எடுத்துக்கொண்டார்கள். தானாகக் குணமாகும் காலம் தாண்டிவிட்டது, எனவே காலம் வந்து பேரைத் தட்டிக்கொண்டு போக முடியாது. 8 வாரப் பயிற்சியில் வாரத்துக்கு 28 முறை கசிந்தது 13 ஆனது. பயிற்சி பெறாத குழுவில் 25 என்பது 21 ஆனது. கருவியும் மின்தூண்டலும் சேர்த்துக் கொடுத்த மூன்றாவது குழுவுக்குக் கூடுதல் லாபம் ஏதும் இல்லை.

கருவி சேர்த்தும் பயனில்லை என்றால் என் வாதம் அடிபட்டதா? இல்லை. அந்தச் சோதனையில் கருவி இல்லாத குழுவுக்கும் நிபுணர் விரல்வழிப் பரிசோதனை செய்து, சரியான தசை இறுகுகிறதா என்று பார்த்துத்தான் சொல்லிக்கொடுத்தார். மூடிய வளையம் அங்கேயும் இருந்தது. முள்ளுக்குப் பதில் விரல், அவ்வளவுதான். கூடவே இருமுவதற்கு முன், எழுவதற்கு முன் இறுக்கிக்கொள்ளும் பழக்கத்தையும் கற்றுத்தந்தார்கள். படுத்துக்கொண்டு நூறு முறை இறுக்குவது ஒரு திறமை. தும்மல் வருவதற்கு அரை நொடி முன்னால் இறுக்குவது வேறு திறமை. கசிவது இரண்டாவது இடத்தில்தான்.

காக்ரேன் அமைப்பு எல்லாச் சோதனைகளையும் திரட்டி 2015-லும் 2023-லும் பார்த்துவிட்டு, பயன் எவ்வளவு என்பது நிச்சயமில்லை என்றே சொன்னது. என் வாசிப்பில் அந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம், "பயிற்சி" என்கிற ஒரே பெயரில் வெவ்வேறு பண்டங்கள் ஒரே மூட்டையில் கட்டப்பட்டிருப்பது.

எந்த வார்த்தையில் சொல்வது

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ரையன் ஸ்டாஃபோர்டும் பால் ஹாட்ஜஸும் சகாக்களும் 2016-ல் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வு, இந்தத் துறையில் நான் படித்ததிலேயே மிகப் பயனுள்ளது. ஆரோக்கியமான 15 ஆண்களிடம் வெவ்வேறு வாக்கியத்தில் இறுக்கச் சொல்லி, எந்தத் தசை எவ்வளவு வேலை செய்கிறது என்று அல்ட்ராசவுண்டிலும் மின்முனைகளிலும் பார்த்தார்கள். "ஆண்குறியை உள்ளிழுத்துக் குட்டையாக்குங்கள்" என்றபோது சிறுநீர்க் குழாயைச் சுற்றிய சுருக்குத் தசை நன்றாக வேலை செய்தது. "மலவாயை இறுக்குங்கள்" என்றபோது மலவாய்த் தசைதான் முன்னால் வந்தது. "சிறுநீர்ப்பையை மேலே தூக்குங்கள்" என்றபோது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறியது. கசிவுள்ளவருக்கு அது எதிரி.

பயிற்சி ஒன்றுதான், மாறியது வாக்கியம் மட்டும். தொலைவழிப் பயிற்சியில் கையும் இல்லை, முள்ளும் இல்லை. இருப்பது வார்த்தை மட்டும்தான். அப்படியானால் அந்த வார்த்தைதான் மருந்து. அதை அக்கறையோடு எழுத வேண்டாமா? "இடுப்புத் தளத் தசைகளைச் சுருக்கவும்" என்று ஒரு தமிழ் மொழிபெயர்ப்பு திரையில் வந்தால் 65 வயதுக்காரர் என்ன செய்வார்? தொடையை இறுக்குவார், பிட்டத்தை இறுக்குவார், மூச்சைப் பிடிப்பார்.

நம் ஊரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. "இது யோகாவுல வர்ற மூலபந்தம்தான், தெரியுமே" என்று ஒருவராவது சொல்லுவார். வகுப்புகளில் மூலபந்தத்தை வழக்கமாக மலவாய்ப் பக்கத்தை மேலே இழுக்கச் சொல்லித்தான் கற்றுத்தருகிறார்கள். அதன் மற்ற பயன்கள் இருக்கட்டும், இந்த வேலைக்கு அது பக்கத்து வீட்டுக் கதவைப் பூட்டுவது போல. அதைவிட எளிய தமிழ் இருக்கிறது: "ஆற்றில் குளிர்ந்த தண்ணீர் இடுப்புக்கு ஏறும்போது கீழே எப்படி உள்ளே ஒடுங்கும், அப்படி இழுங்க. வயிற்றை உப்ப வேண்டாம், மூச்சைப் பிடிக்க வேண்டாம்." கண்ணாடி முன்னால் நின்று செய்தால் ஆண்குறியின் அடி உள்ளே போவதும் விதைகள் லேசாக மேலேறுவதும் தெரியும். காசில்லாத பெரினியோமீட்டர் அதுதான். எத்தனை செயலிகள் இதை வெளிப்படையாகச் சொல்கின்றன? கண்ணியம் கருதி மழுப்பிவிட்டால், கடைசியில் கண்ணியமும் மிஞ்சுவதில்லை, பேட்தான் மிஞ்சுகிறது.

தொலைவழி எங்கே உண்மையில் உதவும்

நான் தொலைவழிப் பயிற்சிக்கு எதிரி அல்ல. ஆண்களுக்கு இந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த பிசியோதெரபிஸ்டுகள் குறைவு, இருப்பவர்களும் பெருநகரத்தில் இருப்பார்கள். கசிந்துகொண்டே நான்கு மணி நேரம் பஸ்ஸில் போய் வா என்று ஒருவரிடம் சொல்வது கொடுமை. வாராவாரம் போவது நடக்காது.

ஆனால் ஒருமுறை போகலாம். அமெரிக்காவில் ஏமி ஜாங் குழு 2015-ல் வெளியிட்ட சோதனை கிட்டத்தட்ட இதைத்தான் செய்தது. கசிவு நீடித்த 279 பேர். பயிற்சிக் குழுக்களுக்கு முதலில் கருவியோடு நேரடியாகப் பயிற்சி. அதன் பிறகு ஒரு குழு கூட்டமாகச் சந்தித்தது, இன்னொரு குழுவுக்குப் போன் மட்டும். இங்கே மூன்றாவதாக வழக்கமான கவனிப்புக் குழுவும் இருந்தது, அதனால் ஒப்பீட்டுக்கு அர்த்தம் இருக்கிறது. மூன்றாவது மாதத்தில், தினசரிக் கசிவின் எண்ணிக்கையில் போன் குழுவும் வழக்கமான கவனிப்பைவிட நன்றாகவே இருந்தது. ஆறாவது மாதத்தில் அந்த எண்ணிக்கை வித்தியாசம் நிற்கவில்லை. ஆக, கற்பதை நேரில் ஒருமுறை, தொடர்வதைத் தொலைவில். இந்தப் பிரிவினை நியாயமாகப் படுகிறது. பச்சை டிக்கை அந்த முதல் நாளுக்குப் பிறகு தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

அளப்பதற்கும் ஒரு வழி உண்டு, அதற்குச் சந்தா கட்ட வேண்டாம். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். புதுப் பேடின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் பயன்படுத்தியவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடைபோட்டு, பையின் எடையையும் உலர்ந்த எடையையும் கழியுங்கள். ஒரு கிராம் என்பது சுமார் ஒரு மில்லி சிறுநீர். வாரம் ஒருநாள் செய்தால் போதும். "இன்னிக்கு எத்தனை பேட்?" என்று செயலி கேட்பதைவிட இது நேர்மையான எண். தடிமனான பேடுக்கு மாறினாலே பேட் எண்ணிக்கை குறைந்துவிடும், கசிவு அப்படியே இருக்கும்.

முடிவுத் தேதி இல்லாத பயிற்சி

என் கடைசிப் புகார்தான் இதில் கனமானது. ஒரு செயலி "இன்று வரை குறையவில்லை, மருத்துவரைப் பாருங்கள்" என்று சொல்லும்படி எழுதப்பட்டிருக்கிறதா? சந்தாவில் ஓடும் மென்பொருளுக்கு அந்த வரியைச் சேர்க்க ஆசையே வராது. "விடாமல் செய்யுங்கள்" என்பதுதான் அதற்கு லாபம்.

அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. அறுவை முடிந்தவுடன் பயிற்சி கொடுங்கள். பயிற்சியால் முன்னேற்றம் இல்லையென்றால் 6 மாதத்திலேயே அறுவைத் தீர்வைப் பற்றி யோசிக்கலாம். ஒரு வருடம் ஆகியும் தொந்தரவு தரும் கசிவு இருந்தால் அதை நோயாளியின் முன் வைக்க வேண்டும். குழாயைத் தாங்கும் வலைப்பட்டை இருக்கிறது. தீவிரமான கசிவுக்குச் செயற்கைச் சுருக்கு வளையம் இருக்கிறது. விதைப்பையில் வைத்த சின்ன பம்பை அழுத்தினால் அந்த வளையம் திறக்கும். 1970-களிலிருந்து பயன்பாட்டில் உள்ள தொழில்நுட்பம் இது. இதைக் கேள்விப்படாமலே ஐந்து வருடம், பத்து வருடம் பேட் மாற்றிக்கொண்டு, "நான்தான் ஒழுங்கா எக்சர்சைஸ் பண்ணல போல" என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். கூட் குழுவின் சோதனையில் 17 வருடம் கழித்து வந்து சேர்ந்த ஆள் வரை இருந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த 8 வாரப் பயிற்சியில் கசிவு பாதியானது, ஆனால் முற்றிலும் நின்றது சுமார் 16 சதவீதம் பேருக்குத்தான். மீதிப் பேருக்கு அடுத்த வழி என்ன என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

ஆகவே யாராவது உங்களிடமோ உங்கள் அப்பாவிடமோ இப்படி ஒரு செயலியையோ வீடியோத் திட்டத்தையோ நீட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். நான் சரியான தசையைத்தான் இறுக்குகிறேன் என்று யார், எப்படிப் பார்த்தார்கள்? குறைந்தது என்று எதை அளந்து சொல்கிறீர்கள், ஒன்றுமே செய்யாதவர்களுக்கு எவ்வளவு குறைந்தது? குறையாவிட்டால் எந்தத் தேதியில் என்னை மருத்துவரிடம் அனுப்புவீர்கள்? மூன்றுக்கும் பதில் இருந்தால் பணம் கட்டுங்கள். முதல் கேள்விக்கே பதில் இல்லையென்றால், போனில் இலவசமாகவே அலாரம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு, நேரில் சொல்லித்தரும் ஒருவரைத் தேடி ஒருமுறை போய்விட்டு வாருங்கள்.